அப்பா வாங்கிய வீட்டில் அத்தைக்கு ஏது பங்கு?

9 ஜூன் 2024, காலை
கொருக்குப்பேட்டை வாசகர் கேட்டது:

480 சதுர அடி மனை. தரைத்தளமும் மேலே ஓர் அறையும். அப்பா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் 1987-இல் கிரயம் வாங்கியது. 1998-இல் காலமானார், உயில் எழுதவில்லை. அம்மா, அண்ணன், தங்கை, நான். வாரிசுச் சான்றிதழில் அப்பாவின் அம்மா பெயரும் இருக்கிறது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார், பாட்டி 2006-இல் இறந்தார். இப்போது வீட்டை விற்கிறோம். வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞர், சித்தப்பாவும் இரண்டு அத்தைகளும் கையெழுத்திட வேண்டும் என்கிறார். தாத்தா சொத்து அல்லவே இது! அவர்கள் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. வேறு வழக்கறிஞரைப் பார்க்கலாமா அக்கா?

9 ஜூன் 2024, இரவு

பார்க்க வேண்டாம். வங்கி வழக்கறிஞர் சொல்வது சரி.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து முதலில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகிறது. தாய் என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உங்கள் அப்பா இறந்த அன்று வீடு ஐந்து பங்காகிவிட்டது: அம்மா, நீங்கள் மூவர், பாட்டி. ஆளுக்கு ஐந்தில் ஒன்று.

பாட்டி 2006-இல் உயில் இல்லாமல் இறந்தபோது அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் பிள்ளைகளுக்கு இறங்கியது. சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைகள் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று, முன்பே இறந்த உங்கள் அப்பாவின் கிளைக்கு ஒன்று. அதாவது மொத்த வீட்டில் ஒவ்வொரு கிளைக்கும் இருபதில் ஒரு பங்கு. உங்கள் அப்பாவின் கிளைக்கு வந்ததைப் பிள்ளைகள் மூவரும் பிரித்துக்கொள்கிறீர்கள். மருமகளான அம்மாவுக்கு அதில் பங்கில்லை. கூட்டிப் பாருங்கள்: உங்கள் குடும்பத்துக்கு இருபதில் பதினேழு, சித்தப்பாவுக்கும் அத்தைகளுக்கும் சேர்த்து இருபதில் மூன்று.

செங்கல் வைத்தார்களா என்பது இங்கே கேள்வியே அல்ல. மகனைப் பறிகொடுத்த தாய்க்குச் சட்டம் ஒரு பங்கு கொடுத்தது. அந்தத் தாயின் பிள்ளைகள் அவர்கள்.

10 ஜூன் 2024

"பாட்டி ஒருநாளும் பங்கு கேட்கவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க வேண்டியதில்லை. ஒருவர் இறந்த நொடியிலேயே உரிமை வாரிசுகளுக்கு இறங்கிவிடுகிறது. வேண்டாம் என்றால் அதைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். வாயால் சொன்னது நிலத்தில் நிற்காது.

12 ஜூன் 2024

இந்த ஒரு கேள்விக்குள் இன்னும் பல கேள்விகள் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ராயபுரம் பக்கம் ஓர் ஆவண எழுத்தரிடம் பல ஆண்டுகள் தட்டச்சராக இருந்தேன். வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "பட்டா இருக்கிறதா?" அடுத்தது "வில்லங்கம் போட்டாயிற்றா?" இரண்டும் வேண்டியவைதான். ஆனால் நான் கண்ட வழக்குகளில் பெரும்பாலானவை விற்பனையில் தொடங்கியவை அல்ல. விற்கும்போது இரு தரப்பும் விழிப்பாக இருக்கிறார்கள், பணம் கைமாறுகிறது, பத்திரம் பதிவாகிறது. ஒருவர் இறக்கும்போதுதான் யாரும் எதையும் எழுதுவதில்லை. சங்கிலி அங்கேதான் அறுகிறது.

ஆகவே தாய்ப் பத்திரத்திலிருந்து, அதாவது சொத்தின் மூலப் பத்திரத்திலிருந்து, இன்றுவரை வரிசையாக வைத்துக்கொண்டு, எங்கெல்லாம் ஓர் இறப்பு நடந்திருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். ஒவ்வொரு குறியிலும் அன்று உயிரோடிருந்தவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். மனைவி, தாய், கட்டிக்கொடுத்த மகள், முன்பே இறந்த மகனின் பிள்ளைகள், முன்பே இறந்த மகளின் பிள்ளைகள். பிறகு அடுத்த பத்திரத்தில் அத்தனை பேரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று ஒப்பிடுங்கள். யார் கையெழுத்து இருக்கிறது என்பதைவிட யாருடையது இல்லை என்பதையே தேட வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் கையெழுத்தாகவே இருக்கும்.

13 ஜூன் 2024

மேலே எழுதியதில் சேர்க்க வேண்டியது: சிறுவர்கள். கணவர் இறந்ததும் கைக்குழந்தைகளோடு நிற்கும் தாய், பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து "காப்பாளர்" என்று கையெழுத்திட்டு விற்றிருப்பார். மைனரின் நிலத்தை விற்க 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் நீதிமன்ற அனுமதி கேட்கிறது. அனுமதி இல்லாமல் விற்றிருந்தால் அந்தப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம். பத்திரத்தில் பிள்ளைகளின் வயது எழுதியிருக்கும். கணக்குப் பாருங்கள்.

16 ஜூன் 2024

கொருக்குப்பேட்டைத் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். சித்தப்பா சம்மதம். இளைய அத்தை மீஞ்சூரில் இருக்கிறார், "பணம் வேண்டாம், கூப்பிட்டால் வருகிறேன்" என்கிறார். மூத்த அத்தை 2019-இல் இறந்துவிட்டார். அவர் கணவர் இருக்கிறார், ஒரே மகள் துபாயில்.

அப்படியானால் மூத்த அத்தையின் இருபதில் ஒரு பங்கு இப்போது அவர் கணவருக்கும் மகளுக்கும். இருவரும் வேண்டும். துபாயில் இருக்கும் மகள் இதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இந்தச் சொத்துக்கு மட்டும், இந்த விற்பனைக்கு மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். எல்லாச் சொத்துக்கும் சேர்த்துப் பொதுவாக எழுதி வாங்காதீர்கள். அந்தப் பெண் உங்களை நம்பிக் கொடுக்கிறாள்.

பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் தனித்தனியாக வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். விற்கத்தானே போகிறீர்கள். எல்லோரும் ஒரே கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாக நின்றுவிடுங்கள். ஒரு பதிவு, ஒரு செலவு. அந்தச் செலவும் வழக்கமாக வாங்குபவருடையது: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அரசு குறித்துவைத்த வழிகாட்டி மதிப்பு, உண்மை விலை, இரண்டில் எது அதிகமோ அதன்மீது.

அத்தைக்குப் பணம் வேண்டாம் என்றாலும் அவர் பங்குக்குரிய தொகையை அவர் கணக்கில் போடுங்கள். பிறகு அவர் என்ன செய்கிறார் என்பது அவர் விருப்பம். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்.

17 ஜூன் 2024

ஏன் வற்புறுத்துகிறேன் என்று தங்கசாலையிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார்.

என் அப்பா வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், பொதுச் சுவர் வைத்த சந்து வீடு. அவர் இறந்த பின் அண்ணன்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டு என் சமையலறைக்கே வந்தார்கள். அக்கா ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தாள். நான் படித்தேன். "எங்கள் பங்குக்கு ஈடான தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு" என்று ஒரு வரி. ஒரு காசும் தரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, அன்பின் பேரில், பிரதிபலன் எதுவும் பெறாமல் விடுகிறோம் என்று எழுதச் சொன்னேன். பெரியண்ணனுக்குக் கோபம் வந்தது. "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்றார். நம்பிக்கை இருப்பதால்தான் சும்மா கொடுக்கிறேன், அதையாவது அப்படியே எழுதுங்கள் என்றேன். மாற்றி எழுதினார்கள். கையெழுத்திட்டோம்.

எத்தனை வீடுகளில் பெண்கள் வாங்காத பணத்தை வாங்கியதாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவற்றை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். நகை போட்டோம், சீர் செய்தோம் என்பார்கள். நகை போட்டதற்காகச் சட்டம் பங்கைக் குறைப்பதில்லை. பூர்வீகச் சொத்திலும் அப்படித்தான். தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்குப் பிறப்புரிமை கொடுத்தது, ஆனால் அன்று திருமணமாகாதவர்களுக்கு மட்டும். 2005-இல் மத்திய சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2005-இல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சொந்தச் சம்பாத்தியத்தில் மகளின் பங்கு 1956-இலிருந்தே சமம்.

மனமுவந்து விட்டுக்கொடுக்கும் அக்கா தங்கைகளைக் குறை சொல்லவில்லை; நானும் அப்படிக் கொடுத்தவள்தான். படித்துவிட்டுக் கொடுங்கள் என்கிறேன்.

21 ஜூன் 2024

ராயபுரத்திலிருந்து ஒரு கிறிஸ்தவ வாசகி: "எங்களுக்கும் இந்த ஐந்தில் ஒன்று கணக்குதானா?"

இல்லை அம்மா. உங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். கணவர் உயிலின்றி இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு, ஆணும் பெண்ணும் சமம். பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்குப் பங்கு இல்லை.

மண்ணடியிலிருந்து கேட்ட பாய்க்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஷரியத் முறையில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற விகிதம். உயில் எழுதினாலும், மற்ற வாரிசுகள் இசையாவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. ஒரே தெருவில் மூன்று கணக்கு நடக்கும் ஊர் நம்முடையது. பக்கத்து வீட்டில் நடந்ததை வைத்து உங்கள் வீட்டைக் கணக்கிடாதீர்கள்.

30 ஜூன் 2024

வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின்மீது பதிவான பத்திரங்களின் பட்டியல் பற்றி. இணையத்தில் பதிவுத்துறைத் தளத்தில் 1975-இலிருந்து பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேட வைக்க வேண்டும். வடசென்னையில் கதவு எண்ணை மட்டும் வைத்துத் தேடுவது ஆபத்து. பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். பழைய பத்திரத்தில் மூன்றாவது ஒன்றும் இருக்கலாம். சர்வே எண், பிளாக் எண், கதவு எண்கள் எல்லாவற்றையும் கொடுத்துத் தேடுங்கள்.

அதில் வராதவற்றைத் தெரிந்துகொள்வதே முக்கியம். பதிவாகாத உயில் வராது. வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. பாட்டியின் பங்கு வராது. நிலுவையில் உள்ள வழக்கு பெரும்பாலும் வராது. அசல் பத்திரத்தைத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கைக்கடன் வாங்கியிருந்தால் அதுவும் வராது. நம் பகுதியில் இந்தக் கடைசி வழக்கம் அதிகம். ஆகவே ஜெராக்ஸ் காட்டுகிறவரிடம் அசலைக் கேளுங்கள். "தொலைந்துவிட்டது" என்றால் காவல்துறையின் கண்டறிய முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு, சார்பதிவாளரிடம் பெற்ற சான்றிட்ட நகல் மூன்றும் வேண்டும். அதன் பிறகும் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். அசலை வைத்திருக்கும் ஆள் அறிவிப்பைப் பார்த்து வருவார்.

2 ஜூலை 2024

வங்கிக் கடன் அடைந்தாலும், கடன் தீர்ந்தது என்று சொல்லும் ரசீதுப் பத்திரத்தைப் பதிவு செய்யாவிட்டால் வில்லங்கத்தில் அடமானம் நின்றுகொண்டே இருக்கும். வங்கி தரும் கடிதம் மட்டும் போதாது.

28 ஜூலை 2024

கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு வரி பற்றி ஒரு குறிப்பு. 23-ஆம் தேதி பட்ஜெட்டில் நீண்டகால மூலதன ஆதாய வரி மாறியிருக்கிறது. விலைவாசிக் குறியீட்டுச் சலுகை இல்லாமல் 12.5 சதவீதம் என்று அறிவித்திருக்கிறார்கள். அப்பா வாங்கியது 1987 என்பதால் 1 ஏப்ரல் 2001 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் கணக்குத் தனி. கையெழுத்திடும் முன்பே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

11 ஆகஸ்ட் 2024

மேலே உள்ள வரிக் குறிப்பில் ஒரு பகுதி மாறிவிட்டது. 23 ஜூலை 2024-க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பழைய முறைப்படி குறியீட்டோடு 20 சதவீதமா, புதிய முறைப்படி 12.5 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம் என்று திருத்தம் வந்துவிட்டது. உங்களுக்குப் பொருந்தும்.

இன்னொன்று. வாங்குபவர் பாதிப் பணத்தை ரொக்கமாகத் தருகிறேன், பத்திரத்தில் குறைத்துப் போடலாம் என்கிறாராம். கூடாது. வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிடப் பெரிய காரணம், நாளை யாராவது வழக்குப் போட்டு விற்பனை ரத்தானால் வாங்கியவருக்குத் திரும்ப வருவது பத்திரத்தில் உள்ள தொகைதான். அவருடைய நன்மைக்காகவும் மறுத்துவிடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அவர் 1 சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும்.

3 நவம்பர் 2024

வாரிய வீடுகள் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். குடிசை மாற்று வாரியம் ஒதுக்கிய வீட்டை ஒதுக்கீடு பெற்றவர் இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அதை வாங்கியவர் இன்னொருவருக்கு. அந்தத் தாளுக்கு மதிப்பு கிடையாது. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி 100 ரூபாய்க்கு மேற்பட்ட எந்த அசையாச் சொத்து விற்பனையும் பதிவாக வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தமும் பதிவாக வேண்டும். வாரியத்துக்கு முழுத் தொகையும் கட்டி, வாரியமே கிரயப் பத்திரம் கொடுத்த வீடா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் வாங்குவது ஒருவரின் வாக்குறுதியை மட்டுமே. தலைமுறையாகக் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தை அதில் கொட்டியவர்கள் எத்தனை பேர் அழுது நின்றிருக்கிறார்கள்! தயவுசெய்து வேண்டாம்.

திருவொற்றியூர்ப் பக்கம் வாங்குகிறவர்கள் கோயில் அடிமனையா என்று முதலில் கேளுங்கள். மனை கோயிலுடையது, மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது என்றால் மனையை அவர் விற்க முடியாது. கோயில் நிலத்தை விற்க அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்தால் யார் பெயரில் மனை நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

4 நவம்பர் 2024

கடலோரத் தெருக்காரர் ஒருவர் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு எழுதுகிறார்: பத்திரத்தில் கிழக்கு மேற்கு 60 அடி, தரையில் அளந்தால் 41.

செக்குபந்தி என்னும் நான்கு எல்லைகளையும் அளவையும் பத்திரத்தில் படித்தால் போதாது, நாடா பிடித்து அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வந்த நாளிலிருந்து மணல் தெற்கே தேங்கி மெரினாவாக விரிந்தது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடல் நிலத்தை எடுத்துக்கொண்டது. தெருக்களும் வீடுகளும் போயிருக்கின்றன. பத்திரம் மட்டும் பழைய அளவையே சொல்லிக்கொண்டிருக்கிறது. சர்வேயருக்குப் பணம் கட்டி அளந்து, இருக்கும் அளவை மட்டும் புதிய பத்திரத்தில் எழுதி, இருக்கும் அளவுக்கே விலை பேசுங்கள்.

9 பிப்ரவரி 2025

"லீசுக்கு", அதாவது மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகையின்றி, ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்கலாமா என்று தண்டையார்பேட்டையிலிருந்து கேள்வி. மெட்ரோ 2021-இல் விம்கோ நகர்வரை வந்த பிறகு இந்தப் பாதையில் கைமாறும் பழைய வீடுகளில் இது அடிக்கடி வருகிறது.

வாங்கலாம். ஆனால் குடியிருப்பவரிடம் நேரில் பேசுங்கள். எவ்வளவு தொகை கொடுத்தார், எந்தத் தேதிவரை, ஒப்பந்தம் எங்கே என்று கேட்டு அவர் கையெழுத்தோடு கடிதம் வாங்குங்கள். அந்தத் தொகையை விலையில் கழித்து, பதிவு நாளில் அவர் கையில் கொடுத்து, வீட்டுச் சாவியை அவரிடமிருந்து நேராக வாங்குங்கள். விற்பவர் கொடுத்துவிடுவார் என்று விடாதீர்கள். ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நின்ற ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். சட்டப்படி யார் பொறுப்பு என்ற வாதம் நடக்கும்போது அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போக வீடு வேண்டுமே.

20 ஏப்ரல் 2025

"பதிவாகிவிட்டது என்றால் அரசே உரிமையை ஏற்றுக்கொண்டது என்றுதானே பொருள்?"

பொருள் அது அல்ல. இந்த மாதம் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருக்கிறது. முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ(i)-ஐ அது ரத்து செய்துவிட்டது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல. அப்படியென்றால் யாருடைய வேலை? வாங்குகிறவருடையது. அதனால்தான் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை வீடு சென்ற மாதம் பதிவாகிவிட்டது. துபாய்ப் பெண்ணின் பங்கும் அவள் கணக்குக்குப் போயிற்று. இந்த விஷயம் இங்கே முடிந்தது.

14 செப்டம்பர் 2025

பெரம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், எழுபதைத் தாண்டியவர். மகனும் உண்டு, ஆனால் இருக்கும் ஒரு வீட்டை மகளுக்குக் கொடுக்க நினைக்கிறார். தானப் பத்திரமா, உயிலா?

ஐயா, தானசெட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்த அன்றே வீடு மகளுடையது. மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. குடும்பத்துக்குள் என்பதால் செலவு குறைவு: முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை. எழுதுவதானால் உங்கள் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும், மகள் உங்களைப் பராமரிக்க வேண்டும் என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். பராமரிப்பு நிபந்தனை இருந்து அது மீறப்பட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் பிரிவு 23-இன்கீழ் தீர்ப்பாயத்தில் ரத்து கேட்கலாம். மகள் நல்லவள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிச்சயம் நல்லவளாகத்தான் இருப்பார். அந்த வரி அவருக்கு எதிரானது அல்ல. அவருக்குப் பின் வருகிறவர்களுக்காக.

உயில் என்றால் உங்கள் காலம்வரை வீடு உங்களுடையது, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் சென்னை நகர எல்லைக்குள் உள்ள வீட்டுக்கு இந்துக்கள் எழுதும் உயிலை உயர் நீதிமன்றத்தில் புரொபேட் செய்தாக வேண்டும், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றச் சான்று வாங்க வேண்டும். அதற்கு நாளும் பணமும் ஆகும். உங்கள் நிலையில் என் எண்ணம் உயில் பக்கமே. தலைக்கு மேல் உள்ள கூரை கடைசிவரை உங்கள் பெயரில் இருக்கட்டும்.

6 ஜனவரி 2026

பெரம்பூர் ஐயாவுக்காக இதை உடனே எழுதுகிறேன். புரொபேட் கட்டாயம் என்று செப்டம்பரில் சொன்னது அன்றைய சட்டம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 213-ஐ நீக்கிவிட்டது. சென்னை, மும்பை, கொல்கத்தா மூன்று நகரங்களுக்கு மட்டும் இருந்த அந்தக் கட்டாயம் இனி இல்லை. காஞ்சிபுரத்தில் இல்லாத சுமை கொருக்குப்பேட்டைக்கு மட்டும் ஏன் என்று பல ஆண்டுகளாகக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. மனம் நிறைந்திருக்கிறது.

இதனால் உயிலை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று ஆகிவிடவில்லை. யாராவது எதிர்த்தால் மெய்ப்பிக்கத்தான் வேண்டும், அதற்கு உயிலில் கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றம் வர வேண்டும். விரும்பினால் புரொபேட் வாங்கவும் வழி இருக்கிறது.

7 ஜனவரி 2026

ஐயா கேட்டது: "சாட்சிகளாக என் நண்பர்கள் இருவர் போதுமா?"

அவர்களும் எழுபதைத் தாண்டியவர்கள் என்றால் போதாது. ஒருவராவது நாற்பதை ஒட்டியவராக, அதே ஊரில் நிலையாக இருப்பவராக இருக்கட்டும். முகவரியை முழுதாக எழுதுங்கள். மகளையும் மருமகனையும் சாட்சியாகப் போடாதீர்கள். வீட்டுக்குப் பழைய கதவு எண், புதிய கதவு எண், சர்வே எண், பிளாக் எண், கிரயப் பத்திர எண், ஆண்டு எல்லாம் வரட்டும். மகனுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதை இரண்டு வரியில் மரியாதையாக எழுதிவிடுங்கள். கட்டாயமில்லாவிட்டாலும் பதிவு செய்துவிடுங்கள், அசல் தொலைந்தால் நகல் கிடைக்கும். எழுதி முடித்ததும் மகனிடமும் சொல்லிவிடுங்கள்.